ஏற மறுத்த கண்ணாடி

6-9-1998, ஞாயிறு
பூசைக்குப் போனோம். தங்கச் சுரங்க வேலையை விட்டதும் என் வீட்டுக்காரர் யேசுதாஸ் வாங்கிய ஜப்பான் வேனில்தான். பழசு. ஆனால் பவர் விண்டோ! பட்டனைத் தொட்டால் கண்ணாடி தானே இறங்குமாம். மாரிகுப்பத்தில் அழுத்தினேன், கோவில் வருவதற்குள் பாதி இறங்கியது. முழுக்க இறங்க பெங்களூர்வரை போகவேண்டும் போல.

9-9-98
மெக்கானிக் கொர்னேலியஸ் கதவைப் பிரித்துப் பார்த்தார். “மோட்டார்ல பல்லு தேஞ்சி போச்சிண்ணா. மாத்திடுங்க.”
இவரா கேட்பார்? “கிரீஸ் வெச்சா ஓடும்.” அத்தனை வருஷம் பூமிக்கு அடியில் இருந்தவருக்கு எல்லா வியாதிக்கும் கிரீஸ்தான் மருந்து.

10-9-98
கிரீஸ் வைத்தாயிற்று. என் புடவைக்கும். கண்ணாடி அப்படியேதான்.

17-9-98
இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம்.
பக்கத்து வீட்டு நேசமணி அண்ணன் – இவரோடு ஒரே ஷிப்ட் பார்த்தவர், சுரங்கத் தூசி தின்ற நெஞ்சு – மதியம் மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. வேனில் ஏற்றிக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினேன். பங்காருபேட்டை தாண்டியதும் பேய்மழை. பட்டனை அழுத்தினால் உள்ளே ஏதோ கர்ரென்று அரைத்தது. கண்ணாடி கதவுக்குள் சரிந்து, நுனி மட்டும் தெரிந்தது. சாரலெல்லாம் அண்ணன் நெஞ்சில்.
“இன்னாங்க, ஏறலையே இது!”
நுனியைப் பிடித்து இழுத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தேன். விட்டால் சரியும். கோலார்வரை அப்படியே. இவர் திரும்பித் திரும்பி என் கையையே பார்த்தார். “ரோட்டப் பாருங்க!” என்று கத்தினேன். பவர் விண்டோவுக்குப் பவர் நான்தான்.
ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பிழைப்பாரா? மாதாவே.

18-9-98
இவர் சாப்பிடவில்லை. “அப்பவே மாத்தியிருக்கணும் பிலோ.” பதில் சொல்ல என்னிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. சோற்றை மட்டும் போட்டு வைத்தேன்.

21-9-98
பெங்களூர் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்து மோட்டார் வாங்கி வந்தார். கொர்னேலியஸ் மாட்டினார். ஏறு என்றால் இறங்கியது, இறங்கு என்றால் ஏறியது. அந்த மாதிரி வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். வயரை மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. மோட்டாரைச் சொல்கிறேன்.

26-9-98, சனி
நேசமணி அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். “கொஞ்சம் காத்து வரட்டும் தங்கச்சி” என்றார். அழுத்தியதும் கண்ணாடி சர்ரென்று இறங்கியது. தூறல் விழுந்ததும் அதே வேகத்தில் ஏறியது.
“நல்லா வேல செய்யுதுங்க” என்றேன்.
என் வாயிலிருந்து பாராட்டா என்று இவர் திகைத்து என்னைத் திரும்பிப் பார்த்ததில், பங்காருபேட்டைக் கடைவீதி நடுவில் வண்டி ஆஃப். பின்னால் ஒரே ஹாரன்.
அண்ணன் சிரித்தார். இருமாமல்.