தூம்பா அறைச் சாவி

புதுக்கோட்டைச் சமஸ்தானம்
1938, ஐப்பசி

கொழும்பிலே சௌக்கியமாக இருக்கிற சூசைராஜ் ஐயா அவர்களுக்கு, கல்லறைக் குழி வெட்டுகிற தொம்மை சொல்லச் சொல்ல, கடைக்கார ஷேக் பரீது எழுதுவது. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

உங்கள் ஆத்தா இன்னாசியம்மாள் வாந்திபேதியில் இறந்துபோனார்கள். நீங்கள் நோய்க்குப் பயந்து ரயிலேறிய மறுநாளே. உங்கள் சனம் ஒருவரும் ஊரில் இல்லை. வாயில் தண்ணீர் விட்டது நான்தான். “தம்பி வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “வாரார் ஆத்தா” என்று பொய் சொன்னேன்.

நீங்கள் கிளம்பிய அன்று காலையில், என் பெண்சாதி மதலேனாளின் சவத்தை எடுக்கக் கோயில் தூம்பா வண்டியைக் கேட்டு அந்த அறைச் சாவியை வைத்திருந்த உங்கள் வாசலில் நின்றேனே, நினைவிருக்கிறதா? “ஒம் பொண்டாட்டிக்குத் தேர் கேக்குதாடா? பாயில சுருட்டித் தூக்கிட்டுப் போ” என்றீர்கள். அந்தத் தூம்பாவுக்குச் சக்கரம் மாட்டியதும் வர்ணம் அடித்ததும் இந்தக் கைதான்.

தூம்பா அறையைப் பூட்டி, சாவியையும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். ஆகையால் உங்கள் ஆத்தாவும் பாயில்தான் போனார்கள். பூட்டை உடைக்கலாமே என்றார் ஷேக் பரீது. நான் உடைக்கவில்லை.

செய்கிற வேலையை ஆண்டவருக்கே செய்வதாக நினை, எல்லாரையும் ஒன்றுபோல நேசி என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தாரல்லவா? அப்படியே செய்தேன். நடுச்சுவருக்கு இங்கிட்டு, எங்கள் சனம் கிடக்கிற பக்கம், மதலேனாளுக்கு அடுத்து உங்கள் ஆத்தா. ஒரே ஆழம், ஒரே செம்புராங்கல், ஒரே சுண்ணாம்பு. சிலுவைகளும் ஒரே மரத்தில் அறுத்தவை. பேர் எழுதவில்லை. நூல் பிடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. திரும்பி வந்த உங்கள் அண்ணன்மார் எது எங்க ஆத்தா என்று கேட்டார்கள். காது கேளாதவன்போல இருந்துவிட்டேன். பாயின் மறுமுனையைப் பிடித்த ஷேக் பரீதும் சொல்ல மாட்டார்.

கல்லறைத் திருநாள் வருகிறது. கட்டாயம் வாருங்கள். இரண்டு மேட்டிலும் முழங்கால் போட வேண்டியிருக்கும். மெழுகுத்திரி இரண்டும் ஒரே அளவாக வாங்குங்கள். பெற்ற ஆத்தாவின் தலைமாட்டில் சின்னத் திரியை ஏற்றிவிட்டால் அந்தப் பாவம் உங்களுக்குத்தான்.

சாவியை மறக்காமல் கொண்டு வாருங்கள். எனக்கும் வயசாகிவிட்டது.

தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தொம்மை கைநாட்டு