குழவி சுமந்த கூடை

ஜெமீலா வாப்பாவுக்கு,

விற்பனைக்குச் சோறு வடித்துவிட்டேன். மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது. சாவி வழக்கமான இடத்தில்.

மூன்று நாளாகக் காணாமற்போன என் அம்மிக் குழவி நேற்றுத்தான் கிடைத்தது, உங்கள் ஆணக் கூடைக்குள்! இரு கூடையையும் தொங்கவிட்ட உங்கள் தோள்கம்பு சோற்றுப் பக்கம் சாய்ந்து, ரிக்‌ஷாக்காரன் தலையில் ஆணத்தைக் கொட்டிய நாளிலிருந்து, சரிக்கட்ட அதைப் போட்டுச் சிராங்கூன் ரோடு முழுக்கச் சுமந்திருக்கிறீர்கள். மூன்று நாளும் நான் இங்கே போத்தலை உருட்டி மசாலா அரைத்தேன். கல் வேண்டாம், தோளை நகர்த்துங்கள் என்றால், "சுமக்கிறது நான், சொல்றது நீயா?" என்கிறீர்கள்.

கம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். தோளை அங்கே கொடுங்கள். சோற்றுக் கூடை இரண்டு மடங்கு கனம்; அதனால் அந்தப் பக்கம் இரண்டு சாண், ஆணப் பக்கம் நாலு சாண். கல்லே வேண்டாம். சோறு குறையக் குறையத் தோளை நடுவுக்கு நகர்த்துங்கள்.

கேலாங்கில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்கு நடந்து போகிறேன். கோபமில்லை. கொஞ்சம்தான்.

ஜெமீலா உம்மா

குழவியைத் தேடாதீர்கள், என்னோடு வருகிறது. இடது இடுப்பில் பிள்ளை, வலது இடுப்பில் குழவி. சாயாமல் நடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.