தெல்தெனியக் காய்ச்சல்

அன்பு டொரதிக்கு,

சந்திரனில மனுசன் கால் வச்ச வருஷம், கல்யாணமான கையோட நாம தெல்தெனியாவில புகையிலை நட்டமே, ஞாபகமா? நாம இருந்த குடிசை விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணிக்குள்ள போச்சு. அங்க பிடிச்ச மலேரியா மட்டும் இன்னும் என் ரத்தத்தில இருக்காம்.

பயப்படாத, இப்ப சுகம். நான் சொல்ல, அக்குறணைக் கடை முதலாளி மகள் மஸாஹிரா எழுதுறா. உன் முழங்கால் எப்படி?

போன மாசம் மூணு நாளைக்கு ஒருக்கா நடுங்கினேன். கண்டி டொக்டரம்மா ரத்தம் பார்த்தா. "கிருமி சிவப்பணுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, தாத்தா. அதுக்கு மேல உள்ள அடையாளம், அன்டிஜன்னு பேரு, அதைச் சட்டை மாதிரி மாத்துது. ஒடம்புக் காவலுக்கு ஆள் தெரியல்ல."

"நானும் காவல்காரன்தானம்மா, சட்டை மாத்தினா எனக்கும் தெரியாது"ன்னேன். சிரிச்சா. பொறகு, "குடிசையில வேற யார் இருந்தாங்க?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டா. பற்றிக் அண்ணன், சூசை, கித்தேரி அக்கா, உன்னையும் சேர்த்து எல்லாரையும் சொன்னேன்.

உனக்குத் திங்களும் வியாழனும் நடுங்கிச்சு, புசல்லாவைப் பனிதான்னு போன காகிதத்தில எழுதியிருந்த. ஞாயிறும் நடுங்கிச்சா? பனின்னு இருக்காத. காகிதம் கிடைச்ச உடனே பஸ் ஏறி வா, டொக்டரம்மா உன் ரத்தத்தையும் பார்க்கட்டும். என் பழைய கம்பளியையும் கொண்டு வா, இங்க ராவில தனியாக் குளிருது.

கடை சாத்துறாங்க, காவலுக்குப் போகணும். நான் சொன்ன பேருல இன்னும் உசிரோட இருக்கிறது நீ ஒருத்திதான், டொரதி.