உதிர்ந்த பூக்களின் எண்ணிக்கை

2025 பிப்ரவரி 8, சனி, காலை 9.40. ஒரு மில்லி ரத்தத்தில் 412.

ஜூடித் அக்காவின் தொண்டைப் புற்று ரத்தத்தில் உதிர்த்த டிஎன்ஏ துணுக்குகள். திங்கள் முதல் ஏழு வாரம் ரேடியேஷன். முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எண்ணுவார்களாம். கழுத்தில் ஆபரேஷன் வேண்டுமா என்று அப்போதுதான் சொல்வார்களாம். அவ்வளவு நாளா? பெங்களூரில், பீன்யா ஃபேக்டரியில் மணிக்கொரு பீஸ் எடுத்து அளக்கிறவன் நான். கடைசியில் மட்டும் அளந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

பிப்ரவரி 20

பேசினால் வலிக்கிறதாம். வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையின் சிலேட்டை எடுத்து வந்திருக்கிறாள், மூன்றாம் வகுப்பு டீச்சர். அதில் எழுதிக் காட்டினாள்: "இட்லி முள்ளாட்டம் இருக்கு. நீயே தின்னு, குண்டா."

ஜன்னலுக்கு வெளியே மரம் முழுக்க ரோஜா நிறப் பூ. கண்ணை மூடினால் அவள் ரத்தத்துக்குள் நடக்கிறேன். துணுக்குகள் மெதுவாக மிதந்து வந்து கையில் ஒட்டுகின்றன.

பிப்ரவரி 25

டாக்டர் ஸ்வர்ணாவைக் கேட்காமல் வெள்ளிக்கிழமை அதே லேபில் அக்காவுக்கு ரத்தம் எடுக்க வைத்தேன். இன்று ரிசல்ட். 1130.

எனக்கு மறைக்கத் தெரியாது. மொபைலை நீட்டினேன். சிலேட்டில் ஒரே சொல்: "போதும்."

பிப்ரவரி 26

ரேடியேஷனுக்கு வரவில்லை.

பிப்ரவரி 27

இன்றும் இல்லை. சிலேட்டில்: "வெந்ததுதான் மிச்சம். விடுடா."

யார்டா உன்னை எடுக்கச் சொன்னா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரும் அதையேதான் கேட்டார். "இன்ஜினியராப்பா நீ?"

"ஆமா மேடம்."

"அதான். செல் சாகும்போது உடைஞ்சு கொட்டும், ஆரம்பத்துல நம்பர் ஏறலாம். இதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வா. இனி ஒரு நாள்கூட விடக்கூடாது."

வீடு திரும்பினால் தெரு முழுக்கப் பூ. மரம் பாதி காலி. கீழே கிடப்பதை எண்ணிவிட்டு மரத்தில் பூ கூடிவிட்டது என்று சொன்ன முட்டாள் நான்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். வெளியே மரத்தைப் பார்த்துவிட்டு சிலேட்டை எடுத்தாள்.

"நிச்சயமா?"

"தெரியாதுக்கா."

அழித்துவிட்டு எழுதினாள்: "ஆட்டோ எத்தனை மணிக்கு?"

ஏப்ரல் 1

விட்ட இரண்டு நாளையும் சேர்த்து இன்றோடு சிகிச்சை முடிந்தது. ரேடியேஷனுக்கு முகத்தில் மாட்டிய வலையைக் கேட்டு வாங்கி வந்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். வெயில் அதன் வழியாகச் சுவரில் புள்ளி புள்ளியாக நீந்துகிறது. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனோம், இரண்டு பேரும்.

ஜூலை 4

பூஜ்ஜியம். ஸ்கேனிலும் எதுவும் இல்லை. ஆபரேஷன் வேண்டாம்.

"டெஸ்ட்டுக்குத் தெரியலன்னுதான் அர்த்தம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அக்கா, கரகரவென்று, வாயாலேயே: "நடுவுல எடுத்தே... கொன்னுடுவேன்."

இனி:

1. அடுத்த ரத்தம் அக்டோபரில். அதுவரை லேப் பக்கம் போகக் கூடாது.
2. அக்டோபரில் நம்பர் எதுவானாலும் முதலில் டாக்டரிடம்.
3. திங்கள் காலை அக்காவை ஸ்கூலில் விட வேண்டும். அந்தப் பிள்ளையின் சிலேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.