ஊரெல்லைக்குள் இருக்கிறான்

1942 செப்டம்பர் 4, வெள்ளி

பெற்ற மகனான என்னைப் பற்றி இன்று காலை அய்யன் எழுதிய வரி: "அர்த்தநாரி, வயது 21, ஊரெல்லைக்குள் இருக்கிறான்." சாயங்காலம் இன்னொரு தடவை எழுதுவார். ஊர் மணியக்காரர் அவர்தான். அதனால் என்னைக் கண்காணிக்கும் புத்தகத்தைப் போலீஸார் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். தலையாரி காளியப்பன் வாரம் ஒரு தடவை அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறான்.

ஆட்டையாம்பட்டிச் சந்தைக்குக்கூட நான் போகக் கூடாது. ஆகஸ்டுப் போராட்டத்தில் வகுப்பை விட்டு வெளியேறிய பதினொரு பேரில் பத்துப் பேருக்கு இதே கதிதான். பதினோராவது ஆள் என் அறைத் தோழன் மருதாசலம். அவன் ஜெயிலில் இருக்கிறான்.

விவசாயக் கல்லூரியில் கடைசி வருஷம். மார்ச்சில் யூனிவர்சிட்டிப் பரீட்சை. இந்த நோட்டு, செடி உயரமும் பூக் கணக்கும் குறிக்கக் கல்லூரியில் கொடுத்தது. வேறு காகிதம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 9

மண்ணியல் பாடம் நாற்பது பக்கம் படித்தேன். யாருக்காக?

செப்டம்பர் 15

இன்ஸ்பெக்டர் வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, கல்லூரிப் பண்ணைக்குப் பின்னால தந்திக் கம்பிய அறுத்தது மருதாசலம்னு எங்களுக்குத் தெரியும். பண்ணை ஷெட்டுல கம்பி வெட்டற குறட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கினது அவன்தான். பார்த்தேன்னு நீ ஒரு வரி எழுதிக் கொடு. உன்னைப் பத்திக் கல்லூரிக்கு நான் நல்லபடியா எழுதறேன். தீபாவளி கழிஞ்சதும் நீ கிளாஸ்ல உட்கார்ந்திருப்பே."

மருதாசலம் குறடு வாங்கியது வேலி கட்ட. அவனுடைய சோளப் பாத்தியைப் பன்றி கிளறிக்கொண்டே இருந்தது. அதை நான் சொன்னேன். "அப்போ அறுத்தது யாரு?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 16

அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்தப் பையன் யாரு சாமி? ஒறவா, பங்காளியா? அவனுக்காவ நீ ஏன் ஊட்டுக்குள்ள கெடக்கோணும்?"

சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவினேன்.

செப்டம்பர் 27

சும்மா இருக்க முடியவில்லை. கொல்லையில் நாட்டு எலுமிச்சைக் கன்றில் சாத்துக்குடி மொட்டு வைத்துக் கட்டினேன். பட்டையை இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி கீறி, மொட்டைச் செருகி, வேட்டித் துணி கிழித்துச் சுற்றினேன். கை மறக்கவில்லை.

அய்யன் பார்த்துவிட்டு, "எலுமிச்சைக்கு என்னடா கட்டு, கல்லுல உழுந்துருச்சா?" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் இந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

மத்தியானம் ஆடு வந்து துணியோடு தின்றுவிட்டது.

அக்டோபர் 6

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கம்பியை அறுத்தது நான்.

ஆகஸ்டு 14, விடிகிற நேரம். மருதாசலம் வேலி கட்டி முடித்துக் குறட்டைக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கம்பத்தில் ஏறி ஒரு கம்பிதான் அறுத்தேன். அது சுருண்டு வந்து புல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது — ஆமாம், சந்தோஷம்தான். திரும்பி வந்து அவனை எழுப்பிச் சொன்னேன். "அட முட்டாளே" என்று மட்டும் சொன்னான்.

ஆறு நாள் கழித்து அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது விடுதி வாசலில் நான் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பார்க்காமல் போனான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 7

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்க எடுத்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 19

இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவர் போனதும் அய்யன் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒரு கையெழுத்து சாமி. தெனம் ரெண்டு வேளை என்ற பையன் ஓடிப் போகலீன்னு நானே எழுதறேன். எனக்கு மட்டும் இனிக்குதா?"

அவர் வெளியே போனபின் பேனாவை எடுத்தேன். "ஆகஸ்டு 14ஆம் தேதி விடியற்காலையில் மருதாசலம் என்பவர்" — அவ்வளவு தூரம் எழுதினேன். நான்தான் எழுதினேன். என் கைதான்.

காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

அய்யனிடம் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் மணியக்காரர் என்ற முறையில் அவர் ஸ்டேஷனுக்கு எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அவரும் குற்றவாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நவம்பர் 8

தீபாவளி போனது. கெடு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. புத்தகத்தில் ஆமணக்கு என்று படித்த கொட்டமுத்துச் செடிகளில் புழு ஏறிவிட்டது. இலைக்கு நாலு, ஐந்து. கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டேன். எங்கள் புன்செய்க் காட்டை முடித்துவிட்டேன். பக்கத்துக் காடு ஊரெல்லைக்கு அந்தப் பக்கம். அங்கேயிருந்து மறுபடி ஏறும். வரப்பில் நின்று அந்தப் புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 21

எங்கள் வகுப்பு சுவாமிநாதன் கடிதம் போட்டிருக்கிறான். அவனும் அவன் ஊரில் அடைபட்டுத்தான் கிடக்கிறான். பயிர், மழை என்று எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி:

"மருதாசலத்தின் அம்மா போன வாரம் இறந்துபோனார். அவனை விடவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தானாம்."

ஒரே பிள்ளை. மாதா மாதம் அந்த அம்மா அனுப்பும் கம்பு உருண்டையில் பாதி எனக்கு.

நவம்பர் 23

அய்யனிடம் சொல்லிவிட்டேன்.

கிணற்றில் கமலை ஓட்டி இறைத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்கய்யா, கம்பியை அறுத்தது நானுங்க" என்றேன். கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு, "நீ சொன்னது என்ற காதுல உழுகல" என்றார்.

"மறுபடி சொல்றேனுங்க."

"சொல்லாதடா!" கயிற்றைக் கீழே போட்டார். "சொன்னீன்னா நான் எழுதோணும். எழுதலீன்னா நான் மணியக்காரன் இல்லை. எழுதினா உனக்கு அப்பன் இல்லை. எதை உடச் சொல்றே?"

மருதாசலத்தின் அம்மா செத்ததைச் சொன்னேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 24

அய்யன் சாப்பிடவில்லை. புத்தகத்திலும் ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 27

அய்யன் நேற்று திருச்செங்கோட்டுக்குப் போயிருக்கிறார். இன்று மத்தியானம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று தலைமுறையாக இருந்த மணியம் இனி வேண்டாம் என்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உடம்புக்கு முடியவில்லை என்று காரணம். பெரியப்பா வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார், "புத்தி பெரண்டு போச்சா செங்கோட்டையா?" என்று. அய்யன் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா போனதும் அய்யன் என்னிடம் வந்தார். "மணியக்காரனா உன்னைக் கூட்டிட்டுப் போக என்னால ஆவாது. அப்பனா வாரேன். காலம்பர ஸ்டேஷனுக்குக் கெளம்பலாம்."

அம்மாவுக்கு இப்போதுதான் எல்லாம் தெரியும். அழவில்லை. "ஜெயில்ல ராகி போடுவாங்களா, சோளமா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போனாள். பானைகளை ஒன்றொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனாலும் பசிக்கிறது. மூன்று மாதமாகப் பசித்ததில்லை.

நவம்பர் 28

வண்டி பூட்டியாகிவிட்டது. நோட்டை அம்மாவிடம் கொடுக்கிறேன்.

1943 அக்டோபர் 30

வந்துவிட்டேன். ஒரு வருஷம் போட்டார்கள், நன்னடத்தைக் கழிவு போகப் பத்து மாதம் சொச்சம். எடை இருபது ராத்தல் குறைந்திருக்கிறது. கல்லூரியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். இனி எந்த வருஷமும் சேர முடியாது. நான் பட்டதாரி ஆகப்போவதில்லை. இதை எழுதும்போது கை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

மருதாசலத்தைப் போன டிசம்பரிலேயே விட்டுவிட்டார்கள். மார்ச்சில் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். கெங்கவல்லிப் பக்கம் விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை என்று சுவாமிநாதன் சொன்னான். ஜெயிலிலிருந்து அவனுக்கு நாலு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

புது மணியக்காரர் பெரியப்பா மகன். அய்யனை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

1944 பிப்ரவரி 12

கெங்கவல்லிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கரி வாயுவில் ஓடும் பஸ் ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஆத்தூர் தாண்டியதும் ஜனங்களின் பேச்சு வழக்கே வேறாகிவிட்டது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊருக்கு வெளியே உழுது போட்ட வயலில் தனியாக நின்றான். வேலையாள் வரவில்லை போலிருக்கிறது. அளவு நாடாவின் ஒரு நுனியை முளைக்குச்சியில் கட்டிவிட்டு மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தான், அது அவிழ்ந்துவிட்டது. குனிந்து நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தான்.

"மருதாசலம், அம்மா—" என்று ஆரம்பித்தேன்.

"மூணு மாசம்டா" என்றான். "ஜெயில் கதவு தெறக்கறப்பல்லாம் நீதான் வந்து சொல்லீட்டியோன்னு எந்திரிப்பேன்."

அவன் வயலைப் பார்த்தான், அவிழ்ந்து கிடந்த நாடாவைப் பார்த்தான்.

"அந்த நுனியப் புடி" என்றான்.

பிடித்தேன். அவன் அளவு சொன்னான், நான் முளை அடித்தேன். நிலக்கடலைப் பாத்தி, பதினெட்டு. அம்மாவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பொழுது சாய்ந்ததும் நாடாவைச் சுற்றி என் கையில் கொடுத்தான்.

"நாளைக்கு விதை ஊணோணும். ஆள் பத்தாது."

கடைசி பஸ் ஆறு மணிக்கு. நான் போகவில்லை.