யாழினிக்குக் குடுத்த வேசம்

ஜூலை 21, திங்கள்
ஆடிக் காத்து. கொடியில போட்ட துணியெல்லாம் புழுதி. மறுபடி அலசல். கரண்டு வேற போயிப் போயி வருது.
யாழினி பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை விழாவாம். இப்ப யு.கே.ஜி. ஊர்ல ஒருத்தர் வேலை இல்லாம இன்னொருத்தர் இல்லைன்னு பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்ற நாடகம். விவசாயி டாக்டருக்குச் சோறு போடணும், டாக்டர் டிரைவருக்கு ஊசி போடணும், டிரைவர் விவசாயி மூட்டையை ஏத்தணும். நல்ல பாடந்தான்.
என் பேத்திக்கு வெளக்கமாறு.

ஜூலை 22, செவ்வாய்
பொட்டுத் தூக்கம் இல்லை. யாருக்கு என்ன வேசம்னு பேத்தியக் கேட்டேன்.
டாக்டர் - மருந்துக்கடைக்காரர் மகள்.
போலீஸ் - ஏட்டு மகன்.
கலெக்டர் - டீச்சர் மகன் பிரணவ்.
வெளக்கமாறு - மருமக செல்வி முனிசிபாலிட்டியில கூட்டுறாள்ல, அதனால நாங்க.
நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டுனவதான். வெக்கம் கிடையாது. அந்தச் சம்பளத்துல மகனை ஐ.டி.ஐ. படிக்க வச்சேன், ஓட்டு வீட்டைக் காங்கிரீட்டுத் தார்சாக்குனேன். அதுக்காக அஞ்சு வயசுப் பிள்ளை கையிலயும் அதையே திணிக்கணுமா?
செல்வி சொல்றா, "விடுங்க அத்தே. பெறகு பிள்ளையத்தான் கரிச்சுக் கொட்டுவாக." ரோசமே இல்லாமப் பெத்துவிட்டிருக்கா இவளோட ஆத்தா.
ராத்திரி யாழினி சோறு திங்கல. "பிரணவ் என்னப் பாத்து மூக்கப் பொத்துறான் அப்பத்தா."

ஜூலை 23, புதன்
போனேன். பட்டுச்சீலை, தோடு, எல்லாம் போட்டுத்தான்.
டீச்சர் சிரிச்சா. தேன் தடவுன சிரிப்பு. "பாட்டி, எல்லா வேலையும் சமம்தான். அதத்தான சொல்லித் தர்றோம்."
"அப்ப உங்க மகன் கையில வெளக்கமாறக் குடுங்க. கலெக்டரை எம்பேத்திக்குக் குடுங்க."
"அவனுக்கு டிரெஸ் தச்சாச்சு பாட்டி."
"எல்லாம் சமம்னீங்களே, சட்ட அளவும் சமமாத்தான் இருக்கும். இவ போட்டுக்குவா."
பள்ளிக்கூடத்து ஆயா வாயப் பொத்திக்கிட்டு ஓடிட்டா. டீச்சருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "சரி, போஸ்ட்மேன் தர்றேன். போதுமா?" பிச்சை போடுற மாதிரி. வாங்கிக்கிட்டேன்.

ஜூலை 24, வியாழன்
காக்கித் துணி, அட்டைத் தொப்பி. முட்டுவலி. செல்வி வேலை முடிஞ்சு வந்து தச்சா. தையல் நல்லா விழுந்திருக்கு, அதைச் சொல்லணும். சோத்துக்கு வெஞ்சனம் வைக்கல, தொட்டுக்க ஊறுகாதான்.
யாழினி வீடு பூரா "சார் போஸ்ட்!" எனக்கே அம்புட்டுக் காயிதம் வந்துருச்சு.
வழியில ஆயாவப் பாத்தேன். வெளக்கமாறு வேசத்துக்கு வேற ஆள் தேடி டீச்சர் வீடு வீடாப் போன் போட்டாளாம். எல்லா வீட்டுலயும் சண்டையாம். நல்லா வேணும்.

ஜூலை 25, வெள்ளி
விழா. செல்வி லீவு போட்டு வந்தா. யாழினி பிசிறு இல்லாமச் சொன்னா. கைதட்டு.
கடைசியில பிள்ளைக எல்லாம் வட்டமாக் கை கோத்து நின்னுச்சுக. விவசாயி, டாக்டர், போலீஸ், டிரைவர், கலெக்டர், போஸ்ட்மேன். "இவங்க எல்லாரும் சேந்ததுதான் நம்ம ஊரு"ன்னு டீச்சர் மைக்குல. வெளக்கமாறு வேசத்தையே எடுத்துட்டா. கூட்டுற ஆள் இல்லாத ஊரு! ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. செல்வி சீலத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா.
முடிஞ்சதும் மேடை பூரா ஜிகினாப் பேப்பர், ஜூஸ் டப்பா. டீச்சர் ஆயாவத் தேடுனா. காணோம். கண்ணு நேரா எங்க பெஞ்சுக்கு வந்துச்சு.
"செல்வி, செத்த வந்து இத..."
செல்வி எந்திரிச்சுட்டா. கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.
"இன்னிக்கு அவளுக்கு லீவு, டீச்சர்."