நாவல் எனப் பொய் சொல்லி வெட்டப்பட்ட மழைக்காட்டு மரம் தொடர்பாக

அனுப்புநர்:
அ. அஃபீபா, த/பெ. அப்துல் சலாம்,
தாவர மரபணு ஆய்வாளர்,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கீழ்ச்சோலை எஸ்டேட்டில் தவறான தகவல் கொடுத்து மரம் வெட்டியது – துளிர்த்துள்ள அடிமரத்தைக் காக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரிலிருந்து ஏறும் மலைப்பாதைக்கு மேலே, கீழ்ச்சோலை எஸ்டேட் ஓடைக்கரையில் பெரிய மரம் ஒன்று நின்றது. இலை நாவல் இலை போலிருப்பதால் எல்லோரும் அதைக் காட்டு நாவல் என்றே சொல்லி வந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து இலை எடுத்து வந்தேன். மரபணுக்களை ஒப்பிட்டபோது அது நாவல் குடும்பத்திலேயே சேரவில்லை. அதன் நெருங்கிய உறவு மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே இருக்கின்றன. நம் பக்கத்து மலைகளில் இந்த இனத்தில் வேறொரு மரம் இருப்பதாக இதுவரை பதிவில்லை.

2. இந்த முடிவை எஸ்டேட் மேலாளர் திரு. கௌசிக்கிடம் நேரில் சென்று விளக்கினேன். பெருமைப்படுவார் என்று நம்பினேன். அவரோ, வனத்துறைக்குத் தெரிந்தால் அங்கே விடுதி கட்ட முடியாது என்று கணக்குப் போட்டு, "நாவல்" என எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, அடுத்த வாரமே மரத்தைச் சாய்த்துவிட்டார். அறியாமல் வெட்டியிருந்தால் மன்னிக்கலாம். இவர் அறிந்ததால்தான் வெட்டினார், ஐயா.

3. கேட்கப் போனபோது கூலியாட்கள் முன்னிலையில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "ஏனுங்க மேடம், மரத்துக்கெல்லாமா சொந்தபந்தம் பார்ப்பாங்க? ஊரே நாவமரம்னுதானுங்க சொல்லுது."

4. மழை பெய்ததும் அடிமரம் துளிர்த்தது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் திருமதி பாவாயி, ஆடு கடிக்காமல் முள் வெட்டிப் போட்டுக் காத்தார். அதன்மேல் கட்டட இடிபாட்டைக் கொட்டச் சொன்னார் மேலாளர். "உசுரோட இருக்கறதுமேல கல்லக் கொட்டச் சொல்றீங்க. என்னால ஆகாதுங்க," என்று மறுத்ததற்காக அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வெட்டியவர் இன்னமும் மேலாளர். காத்தவர் வீட்டில் இருக்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

5. வரும் திங்கட்கிழமை அதே இடத்தில் கான்கிரீட் போடப் போகிறார்கள். இது நடந்தால், பல லட்சம் ஆண்டுகளாக எப்படியோ தப்பி இந்த ஓடைவரை வந்து சேர்ந்த ஒரு வம்சம், குளியலறைத் தரைக்கு அடியில் முடிந்துபோகும். என்னிடம் மிஞ்சுவது ஆய்வகத்தில் உள்ள ஒரு சிட்டிகை இலைத்தூள்தான். அதிலிருந்து மரத்தின் உறவைச் சொல்ல முடியும். மரத்தை எழுப்ப எனக்குத் தெரியாது.

ஆகவே கட்டுமானத்தை உடனே நிறுத்தி, பொய்த் தகவலுக்கு நடவடிக்கை எடுத்து, பாவாயிக்கு மீண்டும் வேலை கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோப்பு பிறகு நகரட்டும், ஐயா. முதலில் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு அதிகாரியை அனுப்புங்கள். துளிர் இப்போது முழங்கால் உயரம் இருக்கிறது.

இடம்: கொண்டப்பநாயக்கன்பட்டி
நாள்: 14.11.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
அ. அஃபீபா